ஒரு கமாவின் விலை 2 டாலர் 56 சென்ட்

1962 ஜூலை 22, அதிகாலை. ஃப்ளோரிடாவின் கேப் கனாவரலிலிருந்து மாரினர்-1 விண்கலம் கிளம்பியது. வெள்ளி கிரகத்துக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்ப்பதாகத் திட்டம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ராக்கெட் தறிகெட்டுத் திரும்ப ஆரம்பிக்க, ஊர் மேல் விழுந்து தொலைக்கப் போகிறதே என்று பாதுகாப்பு அதிகாரி பொத்தானை அமுக்கினார். நடுவானில் டமால்! அன்றைய மதிப்பில் சுமார் 1.85 கோடி டாலர் கடலில் கரைந்தது.

விசாரணையில் பிடிபட்ட காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? ஒரு குட்டிக் கோடு! கையால் எழுதிய சமன்பாட்டைப் பிரதி எடுத்தபோது, ஓர் எழுத்தின் தலைமேல் இருக்கவேண்டிய சின்னக் கோடு விட்டுப்போய்விட்டது. 'ராடார் சொல்வதை அப்படியே நம்பாதே, சராசரி எடுத்துக்கொள்' என்பது அந்தக் கோட்டின் அர்த்தம். கோடு இல்லாததால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் பதறிப்போய் ராக்கெட்டை இப்படியும் அப்படியும் திருப்பியது.

இதே கதையை, 'ஃபோர்ட்ரான் மொழியில் கமாவுக்குப் பதில் புள்ளி வைத்ததால் மாரினர் வெடித்தது' என்றும் பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது தப்பு. கமா இருக்கவேண்டிய இடத்தில் புள்ளி விழுந்தது நிஜம்தான். ஆனால், அது நாஸாவின் மெர்க்குரி திட்ட காலத்தில், வேறொரு புரோகிராமில். நல்லவேளையாக, விபரீதம் நடப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். யாரோ ஒருவர் இரண்டையும் முடிச்சுப் போட, அடுத்தவர் அதைப் பார்த்து எழுத, அதற்கடுத்தவர் அதைப் பார்த்து எழுத... பிழையைப் பற்றிய கதையிலேயே பிழை! அச்சுப் பிசாசுக்கு ஆயுசு கெட்டி.

மனுஷர்கள் படிக்கிற புத்தகத்தில் ஒரு கால் விட்டுப்போனாலும், கொம்பு மாறினாலும் பெரிய ஆபத்தில்லை. நம் மூளையே சரிபண்ணிப் படித்துவிடும். கம்ப்யூட்டருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. புள்ளி என்றால் புள்ளி, கமா என்றால் கமா. எனவேதான் ஒரு கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுக்கும் கையேட்டில் வரும் எழுத்துப்பிழை மற்ற பிழைகளைவிட விஷமம் பிடித்தது. புரோகிராமில் தப்பு இருந்தால் இயந்திரமாவது முறைத்துக்கொள்ளும். கையேட்டில் தப்பு இருந்தால்? புதிதாகக் கற்றுக்கொள்ளும் பையன் ராத்திரி பூரா அதையே திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துவிட்டு, 'அச்சில் வந்தது தப்பாக இருக்குமா, நமக்குத்தான் மண்டையில் ஏறவில்லை' என்று தன்னையே நொந்துகொள்வான். அப்படி ஒதுங்கிப்போனவர்களுக்கு யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை.

இந்த விஷயத்தை முதலிலேயே உணர்ந்தவர்கள் அல்கால் மொழிக்காரர்கள். 1960 ஜனவரியில் ஐரோப்பாவும் அமெரிக்காவுமாக 13 நிபுணர்கள் பாரிஸில் கூடிப் பேசி அல்கால்-60 என்ற மொழியை உருவாக்கினார்கள். அதன் இலக்கணத்தை ஓர் அறிக்கையாகத் தொகுத்தவர் பீட்டர் நௌர். டென்மார்க்காரர். வானவியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். சின்ன அறிக்கைதான், வார்த்தை வார்த்தையாகச் செதுக்கியது. வெளியானதும் உலகம் பூரா அதை வைத்து கம்பைலர் எழுத உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான், 'இந்த வரிக்கு இப்படியும் அர்த்தம் வருதே, அப்படியும் வருதே' என்று சந்தேகங்கள் வரிசை கட்டின. நௌர் குழு வீம்பு பிடிக்கவில்லை. 1962 ஏப்ரலில் ரோம் நகரில் மறுபடி கூடி, பிழைகளைக் களைந்து, 1963 ஜனவரியில் திருத்திய அறிக்கையை வெளியிட்டார்கள்.

முடிந்ததா? ஊஹூம். 1967-ல் ஒருத்தர், 'அல்கால்-60-ல் இன்னும் மிச்சமிருக்கும் சிக்கல்கள்' என்று ஒரு கட்டுரையே எழுதினார். அந்த ஆசாமிதான் நம் கதாநாயகர், டொனால்ட் க்னூத். 1938-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தவர்.

1962-ல், 'கம்பைலர் பற்றி ஒரு புத்தகம் எழுதித் தாருங்கள்' என்று பதிப்பாளர் கேட்க, சரி என்று பேனாவைத் திறந்தார். 1965-ல் பார்த்தால் கையெழுத்தில் 3,000 பக்கம்! அதை ஒரே புத்தகமாகப் போட்டால் தூக்க ஆள் வேண்டும். பாகம் பாகமாகப் பிரித்து, 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' என்ற பெயரில் முதல் பாகம் 1968-ல் வந்தது. உதாரணங்களுக்காக 'மிக்ஸ்' என்று ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரையும் அதற்கென ஒரு மொழியையும் அவரே படைத்திருந்தார். இந்தப் பெயரை ரோமன் எண்ணாகப் படித்தால் 1009 வரும். குறும்புக்காரர்!

இத்தனை பெரிய புத்தகத்தில் பிழை இல்லாமல் இருக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் ஓர் அறிவிப்பு விட்டார். பிழையை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவருக்குச் சன்மானம். சும்மா கமா விட்டுப்போயிருந்தாலும் சரி. சன்மானத் தொகை கடைசியில் 2 டாலர் 56 சென்ட் என்று நிலைத்தது. அதென்ன 56 சென்ட்? நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். புரோகிராமர்கள் பதினாறு பதினாறாக எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் 'நூறு' என்று எழுதினால் அது நம் 256. ஆக, இது பதினாறாம் வாய்ப்பாட்டுக்காரர்களின் ஒரு டாலர்! பிழையில்லை, ஆனால் நல்ல யோசனை என்றால் அதற்கு 32 சென்ட் தனி.

அவர் கையெழுத்துப் போட்டு செக் அனுப்பினார். வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலானோர் வங்கிப் பக்கமே போகவில்லை. ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். 2001-ல் அவரே சொன்ன கணக்குப்படி, எழுதிய செக்குகள் 2,000-க்கும் மேல்.

1977 மார்ச் 30. இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்புக்கான ப்ரூஃப் வந்தது. பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. பழைய ஈய அச்சு முறை வழக்கொழிந்து, புது முறையில் வந்த எழுத்துக்கள் சகிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் அச்சகத்தோடு சண்டை போட்டிருப்பார்கள். க்னூத், அச்சுக் கோக்கும் மென்பொருளையே தானே எழுத உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம் என்று போட்ட கணக்கு பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. அப்படிப் பிறந்ததுதான் 'டெக்'. அதன் கையேட்டுக்கும் அதே 2.56. மென்பொருளில் பிழை கண்டுபிடித்தால் பரிசு வருஷா வருஷம் இரட்டிப்பாகி, 327 டாலர் 68 சென்ட்டில் நின்றது.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தார். பத்து வருஷமாகத் தான் செய்த தவறுகளை, 800-க்கும் மேல், டைரி மாதிரி குறித்துவைத்து 1989-ல் அச்சிலேயே வெளியிட்டார். 15 வகையாகப் பிரித்திருந்தார். கடைசி வகை, அற்ப எழுத்துப்பிழை. பென்சிலில் சரியாக எழுதியதைத் தட்டும்போது கூட்டல் குறி கழித்தல் ஆகிப்போன சமாசாரமெல்லாம் அதில் அடக்கம். உலகமே மேதை என்று கொண்டாடிய மனிதர், கணக்குப்பிள்ளை மாதிரி தன் தப்புகளைப் பத்தி பிரித்து எழுதிவைத்தார்!

டெக்கின் பதிப்பு எண்ணிலும் ஒரு வேடிக்கை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் 'பை' என்ற கணித எண்ணின் அடுத்த இலக்கம் சேரும். 2021-ல் வந்தது 3.141592653. பை முடிவதே இல்லை, பிழைதிருத்தமும் அப்படித்தான். தன் காலத்துக்குப் பிறகு பதிப்பு எண் பை என்றே ஆகிவிட வேண்டும், அதன்பின் யாரும் கைவைக்கக்கூடாது, மிச்சமுள்ள பிழைகளும் அதன் குணங்களாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று உயில் மாதிரி சொல்லிவைத்திருக்கிறார்.

2008-ல் ஒரு திருப்பம். செக் கிடைத்த பெருமையில் பலர் அதைப் படமெடுத்து இணையத்தில் போட, அதிலிருந்த வங்கிக் கணக்கு எண் திருடர்கள் கண்ணில் பட்டது. கணக்கை மூடி வேறு கணக்கு திறக்கும்படி ஆயிற்று. அக்டோபரில், இனி நிஜ செக் கிடையாது என்று அறிவித்துவிட்டார். அதற்குப் பதில், 'பாங்க் ஆஃப் ஸான் செரிஃப்' என்ற வங்கியில் உங்கள் பெயரில் பணம் போட்டதாக ஒரு சான்றிதழ் வரும்.

உலக வரைபடத்தில் ஸான் செரிஃபைத் தேடாதீர்கள். லண்டனின் கார்டியன் பத்திரிகை ஏழு பக்கத்துக்கு வர்ணித்த ஏப்ரல் ஃபூல் தீவு அது. பெயர்களெல்லாம் அச்சுக்கலை வார்த்தைகள். வெளியான தேதி 1977 ஏப்ரல் 1. க்னூத் அந்த ப்ரூஃபைப் பார்த்து முகம் சுளித்து இரண்டே நாள் கழித்து!

சான்றிதழ் வந்த பிறகும் பிழை பார்த்து அனுப்புகிறவர்கள் நிறுத்தவில்லை. தீவு பொய், வங்கி பொய், பணம் பொய். கீழே இருக்கும் கையெழுத்து மட்டும் நிஜம். அவர்களுக்கு அது போதுமாயிருந்தது.