சவப்பெட்டிக்கும் டிக்கெட் உண்டு

என் உத்தியோக காலம் முழுவதும் சதர்ன் ரயில்வேயின் டிக்கெட் கவுண்டரில் கழிந்தது. அட்டை டிக்கெட் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, கம்ப்யூட்டர் டிக்கெட் காலத்தில் ஓய்வு பெற்றவன் நான். மகள் குடும்பத்தோடு இருக்க இங்கிலாந்தின் வோக்கிங் நகருக்கு வந்த இடத்தில், பழைய ரயில்களைப் பற்றிய ஒரு புத்தகத்தில் டிக்கெட் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். நான் தேதி குத்திக் கொடுத்த அதே மாதிரி அட்டை. மேலே ‘சதர்ன் ரயில்வே’ என்றே அச்சிட்டிருந்தது. 1923 முதல் 1947 வரை தென் இங்கிலாந்து ரயில்களுக்கும் அதுதான் பெயராக இருந்தது. நம்முடைய சதர்ன் ரயில்வே 1951இல்தான் பிறந்தது. டிக்கெட்டில் அந்தப் பெயருக்குக் கீழே இருந்த வரிகள்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டன: சவப்பெட்டி டிக்கெட், வாட்டர்லூவிலிருந்து புரூக்வுட்டுக்கு, மூன்றாம் வகுப்பு, ஒரு வழி.

புரூக்வுட் எங்கள் வோக்கிங்குக்கு அடுத்த ஸ்டேஷன். விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டன் நகரம் தன் பிணங்களை ரயிலேற்றி அனுப்பிய இடம்.

ஏன் அனுப்ப வேண்டி வந்தது? 1801இல் லண்டனின் மக்கள்தொகை பத்து லட்சம்கூட இல்லை. 1851இல் அது 23 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆட்கள் பெருகினார்கள், தேவாலயங்களை ஒட்டிய கல்லறை நிலம் மட்டும் பெருகவில்லை. ஒரே குழியில் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கினார்கள். புதுப் பிணத்துக்கு இடம் வேண்டும் என்று பழைய எலும்புகளைத் தோண்டி வெளியே போட்டார்கள். 1848–49இல் வந்த காலரா லண்டனில் மட்டும் ஏறத்தாழ 14,600 உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் அரசு விழித்தது. 1852இல் வந்த சட்டம், நகருக்குள் இருந்த இடுகாடுகளை மூட வழி செய்தது. அதே ஆண்டு ‘லண்டன் நெக்ரோபோலிஸ்’ என்ற கம்பெனிக்கும் நாடாளுமன்றம் அனுமதி தந்தது. நெக்ரோபோலிஸ் என்றால் இறந்தோர் நகரம். லண்டனிலிருந்து சுமார் 37 கிலோமீட்டர் தள்ளி, வோக்கிங் பக்கத்துப் பொட்டல் காட்டில் 2,000 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். அதில் 500 ஏக்கரை முதலில் கல்லறைத் தோட்டமாக்கினார்கள். லண்டன் எவ்வளவு வளர்ந்தாலும், பல நூறு ஆண்டுகளுக்கு இது ஒன்றே போதும் என்பது அவர்கள் கணக்கு.

37 கிலோமீட்டரைக் குதிரை வண்டியில் கடப்பது நடக்கிற காரியமா? எனவே ரயில். வாட்டர்லூ பக்கத்தில் தனி ஸ்டேஷன், தனி வண்டி. ரயில் பாதை உயரமான பாலத்தின்மேல் ஓடியதால், தெருவிலிருந்து சவப்பெட்டிகளைப் பிளாட்பாரத்துக்கு ஏற்ற நீராவி லிஃப்ட் வைத்தார்கள். 1854 நவம்பர் 13 அன்று முதல் வண்டி கிளம்பியது. புரூக்வுட்டில் மெயின் லைனிலிருந்து பிரிந்த ஒற்றைத் தண்டவாளம் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே போனது. அங்கே இரண்டு ஸ்டேஷன்கள்: தெற்கே ஆங்கிலிக்கன் சபையாருக்கு ஒன்று, வடக்கே மற்ற எல்லோருக்கும் ஒன்று.

கட்டணம் என் தொழில் சம்பந்தப்பட்டது. அதை விவரமாகச் சொல்லாமல் இருக்க முடியாது. துக்கத்துக்குப் போகிறவர்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட்: முதல் வகுப்பு 6 ஷில்லிங், இரண்டாம் வகுப்பு 3 ஷில்லிங் 6 பென்ஸ், மூன்றாம் வகுப்பு 2 ஷில்லிங். சவப்பெட்டிக்கு ஒரு வழி மட்டும்: முதல் வகுப்பு 1 பவுண்டு, இரண்டாம் வகுப்பு 5 ஷில்லிங், மூன்றாம் வகுப்பு 2 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். உயிரோடு இருப்பவர்களில் முதல் வகுப்புக்காரர் மூன்றாம் வகுப்பைப்போல மூன்று மடங்கு கொடுத்தார். இறந்தவரோ எட்டு மடங்கு. ஜன்னலோரம் உட்கார முடியாத அந்தப் பயணிக்கு அதிகப்படியாகக் கிடைத்தது என்ன? பெட்டி வைக்கும் அறையில் கொஞ்சம் அலங்காரம், தூக்கி இறக்குவதில் கொஞ்சம் கூடுதல் கவனம். அவ்வளவுதான்.

ஆனால் அந்த வித்தியாசம் வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கம்பெனி தொடங்குவதற்குப் பத்தாண்டுகள் முன்பே, பிணத்தை ரயிலில் கொண்டுபோவது பற்றி லண்டன் பிஷப் பிளோம்ஃபீல்டு ஆட்சேபம் சொல்லியிருந்தார். ரயிலின் இரைச்சலும் பரபரப்பும் கிறிஸ்தவ அடக்கத்துக்குப் பொருந்தாது என்பது ஒன்று. கண்ணியமாக வாழ்ந்தவரின் உடலும் ஒழுக்கம் கெட்டவரின் உடலும் ஒரே வண்டியில் போக நேரிடும் என்பது இன்னொன்று. அந்தப் பயத்துக்கு ஏற்றபடிதான் வண்டியையே பிரித்தார்கள். சபைவாரியாகப் பிரிவு, அதற்குள் வகுப்புவாரியாகப் பிரிவு. இருப்பவருக்கும் அப்படி, இறந்தவருக்கும் அப்படி. ஸ்டேஷனிலும் வகுப்புக்கு வகுப்பு தனித்தனி வழி, தனித்தனி அறை. சாதிக்கொரு சுடுகாடும் அதற்கொரு தனிப்பாதையும் இன்னும் பல ஊர்களில் இருக்கும் நாட்டிலிருந்து வந்த எனக்கு இது வேற்று நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை.

இருந்தும் இந்தக் கம்பெனியை நான் வெறுக்கவில்லை. காரணம், மண்ணுக்குள் அது காட்டிய நேர்மை. அக்காலத்தில் மற்ற இடங்களில் ஏழைகளைப் பொதுக் குழியில்தான் போடுவார்கள். ஒரே பள்ளத்தில் யார் யாரோ. புரூக்வுட்டில் அது கிடையாது. பாரிஷ் செலவில் வரும் அநாதைப் பிணமானாலும் ஆளுக்கொரு குழி. காசு கொடுத்தவர் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம், கல் நடலாம். ஏழைக்குக் கல் மட்டும்தான் கிடையாது. பிற்பாடு பணம் சேர்ந்தால் உறவினர்கள் அந்த இடத்தை உயர்ந்த வகுப்புக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருந்தது. முதல் நாள் முதலில் அடக்கமானவை, லண்டனின் பரோ பகுதியைச் சேர்ந்த ஏழைத் தம்பதியின் இறந்தே பிறந்த இரட்டைக் குழந்தைகள். கல் பெற்ற முதல் ஆள், 26ஆவதாக வந்த சர் ஹென்றி கோல்ட்ஃபிஞ்ச் என்ற லெப்டினென்ட் ஜெனரல். இன்று அங்கே இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஏழைகள். அதனால்தான் ஓங்கிய செக்குவோயா மரங்களுக்கு நடுவே, காலி மைதானம்போல புல்வெளியாய்க் கிடக்கிறது பெரும்பகுதி. அது காலி நிலம் அல்ல.

பெயரில்லாதவர்களுக்கு மட்டுமில்லை, வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்கும் இந்த மண் இடம் கொடுத்தது. 1862இல் பார்சிகள் இங்கே தனி இடம் வாங்கினார்கள். ஜெர்மனியில் 1904இல் இறந்த ஜாம்ஷெட்ஜி டாடாவின் கல்லறை மண்டபம் இங்கேதான் நிற்கிறது. மகன்கள் தோராப்ஜியும் ரத்தனும் இங்கேதான். குர்ஆனை ஆங்கிலத்தில் தந்த மார்மடூக் பிக்தாலும் அப்துல்லா யூசுஃப் அலியும் முஸ்லிம் பகுதியில் இருக்கிறார்கள். யூசுஃப் அலி ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர், 1953இல் லண்டன் தெருவில் ஆதரவற்ற முதியவராகக் கண்டெடுக்கப்பட்டு இறந்துபோனார். அவர் பெயரிட்ட கல்லைக் கடந்து என்னால் சீக்கிரம் நகர முடியவில்லை.

நான் தேடிப்போனது சார்லஸ் பிராட்லாவின் கல்லறையை. கடவுள் இல்லை என்று சொல்லி, பைபிள்மீது சத்தியம் செய்வது தொடர்பான தகராறில் ஆண்டுக்கணக்கில் நாடாளுமன்றத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர். 1889இல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தவர். ‘இந்தியாவின் உறுப்பினர்’ என்றே அவரை அழைத்தார்கள். அவரோடு சேர்ந்து போராடிய அன்னி பெசன்ட் பின்னால் அடையாறுக்கு வந்து சேர்ந்தது நமக்குத் தெரியும். 1880களில் சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்று தமிழில் பத்திரிகை நடத்திய நாத்திகர்களுக்கு ஊக்கமாக இருந்ததும் பிராட்லாவின் இயக்கம்தான். பெரியாருக்கு முந்தைய அந்தத் தலைமுறையை நாம் கிட்டத்தட்ட மறந்தேவிட்டோம்.

1891 பிப்ரவரி 3 அன்று பிராட்லாவை அடக்கம் செய்ய வாட்டர்லூவிலிருந்து சிறப்பு வண்டிகள் விட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் போனார்கள். பிரார்த்தனை இல்லை, பேச்சு இல்லை. சீக்கிரம் மக்கிப்போகும்படி கம்பெனி செய்த காகிதக்கூழ்ப் பெட்டியில் அவரை மண்ணுக்குள் இறக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் சட்டம் படிக்க வந்த 21 வயது மோகன்தாஸ் காந்தியும் இருந்தார். திரும்பும் ரயிலுக்குக் காத்திருந்தபோது, ஒரு நாத்திகர் பாதிரியார் ஒருவரை வம்புக்கு இழுத்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பிராட்லாவின் கல்லறைமேல் இருந்த வெண்கலச் சிலை திருடு போய்விட்டது. பீடம் மட்டும் நிற்கிறது.

இதே கம்பெனியிடமிருந்து 1878இல் ஒரு துண்டு நிலம் வாங்கித்தான், இறந்தவர் உடலை எரிக்க வேண்டும் என்ற இயக்கத்தார் வோக்கிங்கில் தகன மேடை கட்டினார்கள். 1879இல் ஒரு குதிரையின் உடலை எரித்துச் சோதித்தபோது ஊரே எதிர்த்தது. சட்டச் சிக்கல் தீர்ந்து, 1885 மார்ச்சில் முதல் மனித உடல் எரிந்தது. நமக்குச் சாதாரணமான ஒன்றுக்கு இங்கே இவ்வளவு போராட்டம். 1895இல் மார்க்சின் தோழர் எங்கெல்சின் உடலும் நெக்ரோபோலிஸ் ஸ்டேஷனிலிருந்து வந்து இங்குதான் எரிந்தது.

சவ ரயில் முடிந்தது குண்டு வீச்சில். 1941 ஏப்ரல் 16 இரவு ஜெர்மன் விமானங்கள் வாட்டர்லூ பக்கத்து ஸ்டேஷனை நொறுக்கின, ரயில் பெட்டிகளும் எரிந்தன. போருக்குப் பிறகு யாரும் திரும்பக் கட்டவில்லை. மோட்டார் சவ வண்டிகள் வந்துவிட்ட காலம் அது. தோட்டத்துக்குள் போன தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். தெற்கு ஸ்டேஷனின் பிளாட்பாரம் மட்டும் மிச்சம். வெஸ்ட்மின்ஸ்டர் பிரிட்ஜ் சாலை 121ஆம் எண்ணில், முதல் வகுப்புக்காரர்கள் நுழைந்த கட்டடம் இன்றும் நிற்கிறது. 2014இல் கல்லறைத் தோட்டத்தை வோக்கிங் நகராட்சி வாங்கியது.

லண்டனுக்கு வரும் தமிழர்கள் பலர் ஹைகேட் போய் மார்க்ஸ் சமாதியைப் பார்க்கிறார்கள்; அவசியம் பார்க்க வேண்டியதுதான். இன்னொரு நாளை புரூக்வுட்டுக்கு ஒதுக்குங்கள். வாட்டர்லூவில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஸ்டேஷனின் தெற்கு வாசலைத் தாண்டினால் தோட்டம். பிராட்லாவுக்கு நம் ஊர்க் கடன் ஒன்று இருக்கிறது. அவர் கல்லறையில் ஒரு பூவை வைத்துவிட்டு வாருங்கள்.