முகம் கோணினால் "தானா சரியாகிடுமா?" - முகவாதத்தின் வரலாறு

1/ "காலைல வாய் கொப்பளிச்சேன் டாக்டர், தண்ணி ஒரு பக்கமா ஒழுகுது." எங்க ஓ.பி.யில் அடிக்கடி கேக்குற வார்த்தை. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கும், மறுபக்கக் கண் மூடாது. ஆனா பலர் வந்து சேர்றதுக்குள்ள பத்து நாள் ஓடிப்போயிருக்கும். கேட்டா, "தானா சரியாகிடும்னு சொன்னாங்க."

2/ அது உண்மையா? வரலாற்றைப் பார்ப்போம்.

3/ ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பாரசீக மருத்துவர் அல்-ராஸி, மூளைக் கோளாறால் வரும் முகவாதம் வேறு, முகத்தோடு நிற்கும் முகவாதம் வேறு என்று பிரித்து எழுதினார்.

4/ ஆனாலும் முகத்தில் எந்த நரம்பு என்ன வேலை செய்யுதுன்னு 19ஆம் நூற்றாண்டு தொடக்கம் வரை தெளிவில்லை. முகவலிக்காக அசைவு நரம்பையே வெட்டிய சர்ஜன்கள் உண்டு. வலி போகல, முகம் செயலிழந்தது!

5/ 1821இல் சார்லஸ் பெல், கழுதையின் முக நரம்பை வெட்டிப் பார்த்து, முக அசைவுக்கான நரம்பைத் தனியே அடையாளம் காட்டினார். அதனால்தான் காரணம் பிடிபடாத முகவாதத்துக்கு 'பெல்ஸ் பால்சி' என்று பெயர்.

6/ சிகிச்சையே தராம விட்டா? டென்மார்க்கின் எரிக் பீட்டர்சன், 25 ஆண்டுகளில் அப்படிப்பட்ட 1,701 பேரைக் கவனித்து 2002இல் வெளியிட்டார். 71% பேருக்கு முகம் முழுசா திரும்பியது. "தானா சரியாகும்" என்பதில் பாதி உண்மை இதுதான்.

7/ மீதி 29% பேருக்கு ஏதோ ஒரு குறை தங்கிவிட்டது. நரம்பு தப்பா வளர்ந்து சேர்ந்தா, சிரிச்சா கண் சுருங்கும், சாப்பிட்டா கண்ணீர் வரும். அந்த மூணுல ஒருத்தர் நீங்களா இருக்கலாம்.

8/ 2007இல் ஸ்காட்லாந்து ஆய்வு: 551 பேர், 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை. 9 மாதத்தில் முழுசா குணமானவர்கள், ப்ரெட்னிசோலோன் எடுத்தவர்களில் 94.4%, எடுக்காதவர்களில் 81.6%. குறுகலான எலும்புப் பாதையில் வீங்கி நசுங்கும் நரம்பின் வீக்கத்தை அது குறைக்குது. விலை மலிவான பழைய மாத்திரைதான்.

9/ நீங்களா வாங்கிப் போடாதீங்க. சர்க்கரை எகிறும், டாக்டர் பார்த்துத்தான் தரணும்.

10/ கண்ணை மறந்துடாதீங்க. மூடாத கண் காய்ந்து, கருவிழி புண்ணாகி, பார்வையே போகலாம். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி ஒட்டணும்.

11/ கை கால் மரத்துப்போனா, பேச்சு குளறினா, வாய் கோணியும் நெற்றி மட்டும் நல்லா சுருங்கினா, அது பக்கவாதமா இருக்கலாம். உடனே 108.

12/ முகம் கோணினா அன்னைக்கே வாங்க. எது எதுன்னு நாங்க பிரிச்சுப் பார்க்கிறோம். "நாலு நாள் பார்ப்போம்" என்று இருந்தால், அந்த 72 மணி நேரம் திரும்ப வராது.