தரங்கம்பாடிப் புகைவண்டிப் பாதை

திருத்தலங்களை அடைவதற்குரிய வழிகளின் வரலாறும் தலவரலாற்றின் ஒரு கூறேயாம். அவ்வழிகளுள் ஒன்று, மாயூரத்திலிருந்து தரங்கம்பாடி வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிற்கு விளங்கிய மீட்டர் அகலப் புகைவண்டிக் கிளைப்பாதை.

தென்னிந்திய ரயில்வேயார் 1877ஆம் ஆண்டிலேயே மாயூரத்திற்குப் புகைவண்டியைக் கொணர்ந்தனர். பின்னர்த் தஞ்சை ஜில்லா போர்டார், நிலவரியோடு இருப்புப்பாதைக்கெனச் சிறுவரியொன்றும் தண்டி, 1894இல் மாயூரம் முத்துப்பேட்டைப் பாதையைத் திறந்தனர். உழுகுடிகள் தந்த சிறுகாசு திரண்டு ஊர்களை இணைத்த செய்தி இது. தரங்கம்பாடிப் பாதை திறக்கப்பெற்றது 1926இல் ஆகும். டேனியர் 1620இல் கோட்டை எடுத்து, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்ற கடற்றுறைப்பட்டினம் அவ்வூர்.

இப்பாதையின் தனிச்சிறப்பு யாதெனின், காவிரித் தென்கரைப் பாடல்பெற்ற தலங்களை முன்னோர் எண்ணிய முறையிலேயே வண்டியும் சென்றமையாம். அவ்வரிசையில் மயிலாடுதுறை 39ஆவது, செம்பொன்பள்ளி 42ஆவது, ஆக்கூர் 46ஆவது, திருக்கடவூர் வீரட்டம் 47ஆவது. செம்பொன்பள்ளியாகிய செம்பனார்கோயிலில் இறங்குவோர்க்குத் தக்கன் வேள்வி தகர்த்த பறியலூர் வீரட்டம் அணித்தே உள்ளது. ஆக்கூர் சிறப்புலி நாயனார் அவதரித்த பதி. திருக்கடவூரோ மார்க்கண்டேயர்பொருட்டுக் கூற்றுவனை உதைத்த திருவடிக்கு இருப்பிடம். குங்கிலியக்கலயரும் காரி நாயனாரும் தொண்டுசெய்த ஊர். பாதையின் முடிவில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் ஆலயத்தைக் கடலலை அரித்துவந்தது.

காலம் மாறிற்று. அதே ஊர்களின் வழியே பேருந்துகள் பெருகின. வண்டியின் வருவாய் குன்றிற்று. செலவுக்கு ஈடில்லையென்று 1986இல் பாதை மூடப்பெற்றது. பிறந்த ஆண்டொடு கூட்டி நோக்கின் அதன் ஆயுள் சரியாக அறுபது. அறுபது நிரம்பியோர் மணிவிழாச் செய்து ஆயுள்பெருக வேண்டும் திருக்கடவூரின் வழியே ஓடிய வண்டி, தன் அறுபதாம் ஆண்டிலே நின்றொழிந்தது.

எனினும் மூடிய வழியெல்லாம் மூடியே போவதில்லை. 2004இல் நின்ற திருத்துறைப்பூண்டி அகத்தியான்பள்ளிப் பாதை, அகலப் பாதையாக்கப்பெற்று 2023இல் மீண்டும் திறக்கப்பெற்றது. புதுக்குவார் உளரேல் நின்றதும் எழும்.

ஆக்குதல் ஒருநாட் செயல். காத்தல் நாடோறும் செய்யும் தொண்டு. பன்னீராண்டிற்கொருமுறை குடமுழுக்கு என்று வகுத்த பெரியோர் உள்ளக்கிடக்கையும் இதுவே. ஒரு பாதை வரவுசெலவுக் கணக்கினால் வாழ்ந்து, அக்கணக்கினாலேயே முடிந்தது. ஆலயமோ அன்பரது இடையறாத கொடையினால் வாழ்வது. இன்று கலசத்திற்கு நீர்வார்க்கத் திரண்ட கைகள், நாளை ஒருகால பூசைக்கும் ஒரு விளக்கின் நெய்க்கும் ஓயாது நீளுமாக. அதுவே திருப்பணி நிறைவாம்.

திருவருள் முன்னிற்க.