நல்ல வைனும் மலிந்த விலையும்

1855 ஆம் ஆண்டு மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியிலே பாரிஸ் நகரில் உலகப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அதில் வைக்கப்படவிருந்த போர்தோப் பிரதேசத்துச் சிவப்பு வைன்களைத் தரம் பிரித்துத் தரும் பொறுப்பு அந்நகரத்து வைன் தரகரிடம் விடப்பட்டது. தரகர்கள் அதற்கெனக் கிண்ணங்களை வரிசையாக வைத்துச் சுவைத்துப் பார்த்தாரல்லர். தம் கணக்கேடுகளைப் புரட்டினர். நெடுங்காலமாக எத்தோட்டத்து வைன் கூடிய விலைக்குப் போயிற்றோ அது முதலாம் வகுப்பு, அதற்கு அடுத்த விலையுடையது இரண்டாம் வகுப்பு என்றவாறு ஐந்து வகுப்புகளை வகுத்துக் கொடுத்தனர். லபீற், லத்தூர், மார்கோ, ஓபிரியோன் என்னும் நான்கும் முதலிடத்தில் அமர்ந்தன. 1973 இல் மூத்தோன் என்னும் தோட்டம் இரண்டாம் வகுப்பிலிருந்து முதலாம் வகுப்புக்கு ஏற்றப்பட்டதைத் தவிர, அப்பட்டியலின் மேற்படியில் இன்றுவரை மாற்றமில்லை.

விலை கூடியதால் அது சிறந்தது. சிறந்தது என்று எழுதி வைத்ததால் விலை மேலும் கூடியது. அந்நிலத்தின் மண்ணும் பயிர்செய்தோரின் திறமையும் உண்மையானவையே. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பத்து மடங்கு விலை கொடுப்பவன் பத்து மடங்கு சுவையைப் பெறுகிறானா என்பது வேறு வினா. 1894 இல் வெளிவந்த 'மூலதனம்' மூன்றாம் பாகத்திலே மார்க்ஸ் முந்திரிகைத் தோட்டத்தையே உதாரணமாக எடுத்து இதற்கு விடை கூறியிருக்கிறார். அரிதாக விளையும் சிறப்பான வைனுக்குக் கிடைக்கும் விலை, அதில் அடங்கிய உழைப்பினால் நிர்ணயிக்கப்படுவதன்று; குடிக்க விரும்பும் செல்வரின் பணப்பையினாலேயே நிர்ணயிக்கப்படுகிறது. அந்த மேல்மிச்சம் நிலத்துக்கு உரியவனிடம் வாரமாகச் சென்றடைகிறது என்பது அவர் தரும் விளக்கம். பிற்கால விஞ்ஞானமும் இதன் மற்றொரு பக்கத்தைக் காட்டிற்று. 2008 இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர் 5 டொலர் வைனை 45 டொலர் என்று சொல்லிக் கொடுத்தபோது, அருந்தியோர் அதனைக் கூடுதலாகச் சுவைத்தனர். அவர்தம் மூளையின் இன்பநிலையமும் அதற்கேற்பக் கிளர்ந்தது. சுவையிலும் ஒரு பகுதி விலைச்சீட்டிலே ஒட்டியிருக்கிறது போலும்!

மது அருந்துதல் நன்றா தீதா என்பது இங்கு எமது விசாரணைக்குரியதன்று. தென் பிரான்சின் தொழிலாளிக்கு வைன் ஆடம்பரமாக இருக்கவில்லை. பாணோடும் சூப்போடும் மேசைக்கு வரும் அன்றாட உணவின் ஒரு கூறாகவே இருந்தது. 1960 அளவிலும் பிரான்சில் ஆளொன்றுக்கு ஆண்டுதோறும் 100 லீற்றருக்கு மேல் அருந்தப்பட்டது. அத்தகைய ஒரு பொருள், குறைந்த வருவாயுடையவனுக்கும் நல்லதாகக் கிடைக்குமா என்ற வினா, பாண் நல்லதாகக் கிடைக்குமா என்ற வினாவுக்கு ஒப்பானதே. அதற்கு விடை தேடுவோர் போர்தோவை விட்டு மத்தியதரைக் கடலோரத்து லாங்கதொக் பிரதேசத்துக்குச் செல்லுதல் வேண்டும்.

இருப்புப்பாதை வந்த பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, அப்பிரதேசம் வடக்கிலுள்ள ஆலைத் தொழிலாளருக்கு வைன் வழங்கும் களஞ்சியமாயிற்று. தானியமும் ஒலிவமும் விளைந்த வயல்களெல்லாம் முந்திரிகைத் தோட்டங்களாயின. அரமோன் என்னும் கொடியினம் சமவெளியிலே அளவின்றிக் காய்த்தது. ஆனால் அதன் சாறு நிறமும் வலுவும் குன்றியது. அப்பொழுது பிலொக்சரா என்னும் நுண்ணிய பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது. 1863 அளவில் முதன்முதல் அதன் அழிவு காணப்பட்டது. 1868 இல் மொம்பெலியே நகரத் தாவரவியலாளர் பிளான்சோன் முதலியோர் காரணத்தைக் கண்டறிந்தனர். வேரை உறிஞ்சிக் கொடியைக் கொல்லும் அப்பூச்சியை வெல்ல, அமெரிக்கக் கொடியின் அடித்தண்டிலே பிரெஞ்சுக் கொடியை ஒட்டவைப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. ஒட்டுக்கன்று வாங்கக் கடன்பட்டே பல சிறு விவசாயிகள் மீண்டும் நட்டனர்.

கொடிகள் இறந்திருந்த காலத்திலே வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. பிறநாட்டு முந்திரிகை வற்றலைத் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்தார்கள். பிழிந்த சக்கையிலே சீனியும் நீரும் சேர்த்து இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று 'வைன்' வடித்தார்கள். தோட்டங்கள் மீண்ட பின்னரும் இவ்வழக்கம் ஒழியவில்லை. முந்திரிகைச் சாறு புளித்து உண்டாவதே வைன் என்று 1889 இல் சட்டம் வரையறுத்திருந்தும், 1903 இல் சீனி வரி குறைக்கப்பட்டதும் கலப்படக்காரருக்குப் பொற்காலம் பிறந்தது. வடபகுதியின் சீனிக்கிழங்கு முதலாளிகளுக்கும் இது வாய்ப்பாயிற்று. அல்ஜீரியக் குடியேற்ற நிலங்களிலிருந்தும் வைன் வந்து குவிந்தது. உண்மையாகப் பயிரிட்டவன் தன் செலவைக்கூட மீட்க முடியாத விலைக்கு விற்க வேண்டியதாயிற்று.

அக்காலத்துப் பாரிஸ் தொழிலாளிக்கு வைன் மலிவாகத்தான் கிடைத்தது. ஆனால் மலிவில் இருவகை உண்டு. தண்ணீரும் சீனியும் சாயமும் சேர்வதால் வருவது ஒன்று. செய்பவனுக்கும் அருந்துபவனுக்கும் இடையில் நிற்பவர்கள் விலகுவதால் வருவது மற்றொன்று. முன்னது இருவரையும் ஏய்க்கிறது. பின்னதைச் செய்து காட்டியவர்கள் பெசியே நகருக்கு அண்மையிலுள்ள மரோசான் என்னும் கிராமத்துச் சிறு விவசாயிகள். 1901 இல் அவர்கள் 'சுதந்திர வைன் செய்வோர்' என்னும் பெயரிலே கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். ஒவ்வொருவனும் தன் துண்டு நிலத்தைத் தானே வைத்திருந்தான், விற்பனையைப் பொதுவாக்கினார்கள். அதிலும் அவர்கள் தேடிப் பிடித்த வாடிக்கையாளர் யார்? பாரிஸ் தொழிலாளரின் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்கள்! தரகனும் மொத்த வியாபாரியும் எடுத்த பங்கு இல்லாதொழிந்தமையால், கிராமத்தவன் கூடுதலாகப் பெற்றான். நகரத்தவன் கலப்படமற்றதைக் குறைந்த விலைக்குக் குடித்தான். 1905 இல் பொதுவான வடிசாலையும் எழுந்தது. அவ்வாண்டு சோசலிசத் தலைவர் ஜான் ஜொரேஸ் அங்கு சென்று கண்டு, தமது 'லுமானித்தே' நாளிதழிலே அதைப் பற்றி ஆர்வத்தோடு எழுதினார். சிறுவுடைமை விவசாயி தன் அநுபவத்தினாலேயே கூட்டுவாழ்வை நோக்கி நகரக்கூடும் என்பதற்கு அவருக்கு அது சாட்சியாயிற்று.

ஒரு கிராமம் விழித்தது போதுமானதாக இருக்கவில்லை. 1907 மார்ச் 11 ஆம் தேதி ஆர்ஜெலியே என்னும் ஊரிலிருந்து 87 பேர் புறப்பட்டு, பாராளுமன்ற விசாரணைக் குழுவிடம் முறையிட நார்பொன் நகருக்கு நடந்து சென்றனர். அவர்களின் முன்னோடி மார்சலன் அல்பேர், சிறு தோட்டமும் ஒரு கோப்பிக்கடையும் உடையவர். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கூட்டம். மே 5 இல் நார்பொன், 12 இல் பெசியே, 19 இல் பெர்ப்பிஞ்ஞான், 26 இல் கார்க்கசோன், ஜூன் 2 இல் நீம் என்று வெள்ளம் பெருகிற்று. ஜூன் 9 இல் மொம்பெலியேயிலே 5 இலட்சம் மக்கள் வரையில் திரண்டனர் என்பர். நார்பொன் நகரத்துச் சோசலிச மேயர் எர்னெஸ்ற் பெரூல் பதவி துறந்தார். நூற்றுக்கணக்கான ஊராட்சிகள் அவ்வாறே செய்தன. வரி கொடோம் என்றனர். வந்தோர் இரவு தங்குவதற்கு மொம்பெலியே ஆயர் தேவாலயக் கதவுகளைத் திறந்துவிட்டார். முடியாட்சிவாதியும் சோசலிசவாதியும், பெருந்தோட்டக்காரனும் அவன் கூலியாளும் ஒரே வரிசையில் நடந்தனர். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான் அந்தக் கூலியாட்கள் அதே பெருந்தோட்டக்காரருக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்திருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. கலப்படத்துக்கு எதிரான ஒற்றுமையின் மறைவிலே கூலிப் பிரச்சினை பின்தள்ளப்பட்டது. அதனாலேயே இவ்வியக்கத்தை முற்றிலும் மக்கள் புரட்சி என்று போற்றிவிட எமக்கு மனம் வரவில்லை.

பிரதமர் கிளமொன்சோ படைகளை அனுப்பினார். ஜூன் 19 இல் பெரூல் கைது செய்யப்பட்டார். அன்றும் மறுநாளும் நார்பொன் வீதிகளிலே படையினர் சுட்டனர். ஐந்து பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் சந்தைக்கு வந்திருந்த இருபது வயதுப் பெண்ணொருத்தியும் இருந்தாள். 17 ஆம் காலாட்படைப் பிரிவின் வீரர்கள் அப்பகுதிக் கமக்காரரின் பிள்ளைகள். பெசியேயிலிருந்து ஆக்ட் நகருக்கு அப்போதுதான் மாற்றப்பட்டிருந்தனர். செய்தி கேட்டதும் அன்றிரவே ஏறத்தாழ 500 பேர் ஆயுதக் களஞ்சியத்தைத் திறந்து துப்பாக்கிகளோடு பெசியேக்கு நடந்தனர். தம் உறவினர்மீது சுடமாட்டோம் என்பதே அவர்களுடைய நிலைப்பாடு. நகரத்தின் மரநிழற் சாலையிலே அவர்கள் தங்கியிருக்க, ஊர்மக்கள் பாணும் வைனும் கொண்டுவந்து கொடுத்தனர். பின்னர் சமரசம் பேசித் திரும்பிய அவர்களைத் தூனிசியாவின் கப்சா என்னும் பாலைவன நகருக்கு அனுப்பிற்று அரசு. மார்சலன் அல்பேரோ தனியே பாரிஸ் சென்று கிளமொன்சோவைச் சந்தித்தார். இரயிற் செலவுக்கென்று பிரதமர் நீட்டிய 100 பிராங்கை வாங்கிக்கொண்டார். அச்செய்தியைப் பத்திரிகைகளுக்குச் சொன்னவரும் பிரதமரே. நூறு பிராங்கிலே ஒரு தலைவரின் செல்வாக்கு முடிந்தது!

ஆயினும் ஜூன் 29 இல் சட்டம் வந்தது. பயிரிடுவோர் ஒவ்வோராண்டும் தம் விளைச்சலின் அளவைப் பதிவு செய்தல் வேண்டும். வைனிற் சேர்க்கும் சீனிக்கு வரி. சீனி விற்பனைமீது கண்காணிப்பு. விளைந்ததற்கு மேல் விற்பவன் அகப்பட வழி பிறந்தது. மரோசானைப் பின்பற்றிக் கூட்டுறவு வடிசாலைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன.

அவற்றின் குறையையும் சொல்லவேண்டும். கொண்டுவரும் பழத்தின் நிறையையும் அதிலுள்ள சீனியின் அளவையும் பெருக்கியே பெரும்பாலான சங்கங்கள் பணம் கொடுத்தன. ஆகவே மலைச்சரிவில் குறைவாக விளைந்த நல்ல பழமும், சமவெளியில் மிகையாக விளைந்த சப்பென்ற பழமும் ஒரே தொட்டியிலே விழுந்தன. கலப்படம் ஒழிந்தது, தரம் உயரவில்லை. மக்கள் குறைவாக அருந்தத் தொடங்கியதும் விற்காத வைன் தேங்கிற்று. இத்தாலிய இறக்குமதியை எதிர்த்தெழுந்த போராட்டத்திலே 1976 மார்ச் 4 ஆம் தேதி மொந்த்ரெதோனில் ஒரு விவசாயியும் ஒரு பொலிஸ் அதிகாரியும் சுடப்பட்டு இறந்தனர்.

அதன் பின்னரே மேட்டுநிலக் கிராமங்கள் தம் பழத்தைத் தனியாக வடிக்கவும், தம் ஊர்ப் பெயரிலே புட்டியில் அடைக்கவும் முற்பட்டன. போஜேர், சான் சினியான் ஆகியவற்றுக்கு 1982 இலும், கோர்பியேர், மினர்வுவா ஆகியவற்றுக்கு 1985 இலும் பிறப்பிடப் பெயருரிமை கிடைத்தது. இன்று சிறுதொகையோடு நல்ல சிவப்பு வைன் தேடுவோருக்கு அறிந்தோர் இப்பெயர்களைச் சொல்வது காரணத்தோடுதான். அங்கு ஏக்கர் நிலத்தின் விலை போர்தோவின் புகழ்பெற்ற தோட்டங்களின் விலைக்கு அருகிலும் வராது. ஆகவே புட்டியின் விலையிலே நிலவாரத்தின் பங்கு சிறிது, உழைப்பின் பங்கு பெரிது. சங்கமே வடித்துச் சங்கமே அடைத்த புட்டியாயின் இன்னும் நன்று.

அவற்றுட் சிறந்தவை பல கரினியான் என்னும் கொடியினத்திலிருந்து வருகின்றன. அதிக விளைச்சலுக்காக நடப்பட்டு, புளிப்பும் துவர்ப்பும் மிக்கதென்று இகழப்பட்ட இனம் அது. அறுபது எழுபது ஆண்டு வயதாகிய கொடி கற்பாங்கான சரிவிலே சில குலைகளை மாத்திரமே தரும். அவற்றின் சாறு செறிந்தது, கருஞ்சிவப்பானது. பழத்தை நசுக்காது முழுக்குலையாகவே மூடிய தொட்டியிற் புளிக்கவிட்டால் துவர்ப்பும் தணிகிறது. 1980களில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் மிகையுற்பத்தியைக் குறைப்பதற்காகக் கொடிகளைப் பிடுங்குவோருக்கு மானியம் கொடுத்தது. விளைச்சல் குறைந்த மேட்டுநிலக் கரினியானே பல இடங்களில் முதலிற் பிடுங்கப்பட்டது. பணத்தை வாங்காமல், தந்தையோ பாட்டனோ நட்டதென்று விட்டுவைத்தவர்களின் துண்டு நிலங்களிலிருந்துதான் அந்தப் புட்டிகள் இன்று வருகின்றன.