ஆட்சிகளின் எழுச்சியும் வீழ்ச்சியும்: நடுநாடு காட்டும் பாடம்

வாளினால் ஓர் ஆட்சி பிறக்கலாம். வாளினால் மட்டும் எந்த ஆட்சியும் நெடுங்காலம் வாழ்ந்ததில்லை. இவ்வுண்மையை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நெய்வேலியைச் சூழ்ந்த நடுநாட்டுக் கல்வெட்டுகளே அதற்குச் சான்று பகர்கின்றன.

கி.பி. 850ஆம் ஆண்டளவில் விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியபோது சோழநாடு சிறியது. பல்லவரும் பாண்டியரும் தம்முள் பொருது தளர்ந்தமை அவன் வழித்தோன்றல்களுக்கு வாய்ப்பாயிற்று. ஆயினும் வாய்ப்பு ஒன்றே நானூறு ஆண்டு ஆட்சியைத் தாங்காது. முதலாம் இராசராசன் நாட்டின் நிலங்களை அளப்பித்தான்; எந்நிலத்துக்கு எவ்வளவு இறை என்பது வரையறையாயிற்று. ஊர்ச் சபைகள் ஏரியையும் அறத்தையும் பேணின. முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்பது அக்கல்வெட்டின் விதி. நிலமும் கல்வியும் உடையோர்க்கே அவ்வுரிமை இருந்ததென்பதையும் மறைத்தலாகாது. எனினும், அதிகாரம் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது என்னும் நெறி அங்கே கல்லில் பொறிக்கப்பட்டது.

பிற்காலச் சோழர் இந்நெறியினின்று சிறிது சிறிதாக விலகினர். ஊர்களைக் காக்கும் பாடிகாவல் உரிமை சிற்றரசர் கைக்குச் சென்றது. காவலுடன் வரியும் படையும் அவர்களிடம் சேர்ந்தன. குடிகளுக்கு அரசன் தொலைவிலும் சிற்றரசன் வாயிலிலும் நின்றனர். சிற்றரசர் தமக்குள் உடன்படிக்கைகள் செய்துகொண்டதையும் அக்காலக் கல்வெட்டுகள் கூறும்.

1216ஆம் ஆண்டையொட்டி மாறவர்மன் சுந்தரபாண்டியன் படையெடுப்பில் தஞ்சையும் உறையூரும் தீக்கிரையாயின. பின்னர், 1231ஆம் ஆண்டளவில், காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராசனைப் பிடித்து, உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். சோழப் பேரரசனைச் சிறைப்படுத்தியவன் கடல் கடந்து வந்த பகைவன் அல்லன்; சோழர் நிழலில் வளர்ந்த குடியினன். போசள மன்னன் நரசிம்மனின் தண்டநாயகர் இருவர் வந்து சோழனை மீட்ட வரலாற்றைக் கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு உரைக்கின்றது. பிறர் துணையால் மீண்ட அரியணை நெடுநாள் நிற்கவில்லை. 1279ஆம் ஆண்டளவில், மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி முடிவெய்தியது. காடவர் ஆட்சியும் அதே காலத்தில் மறைந்தது.

மறையாது நின்றவை எவை? கோப்பெருஞ்சிங்கன் பெயரோடு தொடர்புடைய தில்லைக் கீழைக்கோபுரம் இன்றும் நிற்கின்றது. கங்கைகொண்ட சோழபுரத்தில் அரண்மனை மண்மேடாயிற்று, திருக்கோயில் நிலைத்தது. அரண்மனை ஒரு குலத்தின் உடைமை. கோயிலோ, விளக்குக்கு நெய் அளித்த இடையர் முதல் நிலம் அளித்த அரசி வரை பலர் கைகளால் தாங்கப்பட்டது. ஒரு கை தளர்ந்தபோது மற்றொரு கை ஏந்திற்று.

நம் சுரங்கத்தில் பணிபுரிவோர் இதனை எளிதில் உணர்வர். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கின்றது. இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நிலைக்கும்; நேற்று இறைத்த நீர் இன்றைக்குக் காவலாகாது. அதிகாரமும் அத்தகையதே. முன்னோர் ஈட்டிய நம்பிக்கையை நாள்தோறும் புதுப்பியாத ஆட்சி, அது அரசாயினும் அறநிலையமாயினும், அடியிலிருந்து தளரும்.

ஆகவே, குடமுழுக்குக்குப் பொருளும் உழைப்பும் ஈந்த அன்பர்கள், விழா நிறைவுற்றதோடு தம் கடமை முடிந்ததெனக் கருதலாகாது. நாள்பூசை தவறாமையும், அளித்த ஒவ்வொரு காசுக்கும் கணக்குத் தெளிவும், எளிய அடியார்க்கும் சந்நிதியில் ஒத்த மதிப்பும் இத்திருக்கோயிலின் உண்மையான மதில்களாகும். அவற்றைக் காக்கும் உள்ளத்தை எல்லாம்வல்ல இறைவன் நம் யாவர்க்கும் அருள்வானாக.