மருந்துக் கடையும் சர்வகலாசாலையும்

1617-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் மன்னர் முதலாம் ஜேம்ஸ், அதுவரையில் மிளகும் கிராம்பும் சர்க்கரையும் விற்கும் மளிகை வணிகர்களின் சங்கத்துக்குள் அடங்கிக் கிடந்த லண்டன் நகரத்து மருந்து வணிகர்களுக்கு, அபோதிக்கரிகள் சங்கம் என்ற தனிச் சங்கம் அமைத்துக்கொள்ளச் சாஸனம் அளித்தார். அதன்படி ஒருவன் தன் பெயரில் மருந்துக் கடை வைக்க வேண்டுமானால், ஏழாண்டுக் காலம் ஓர் ஆசானிடம் பணி பழகி, பிறகு சங்கத்துப் பெரியவர்களின் முன் பரீட்சைக்கு நின்று, தன் தேர்ச்சியை நிரூபித்தாக வேண்டும். அந்நாளில் தொழில் பழக வந்த சிறுவன் ஆசானின் வீட்டிலேயே உண்டு உறங்கி, கடையைப் பெருக்கி, கல்வத்தில் வேர்களை இடித்து, கஷாயம் காய்ச்சி, களிம்பு குழைத்து, அந்த வேலைகளின் ஊடாகவே சாஸ்திரத்தையும் கற்றுக்கொண்டான். 1673-இல் தேம்ஸ் நதிக்கரையில் செல்ஸீ என்னும் இடத்தில் அச்சங்கத்தார் அமைத்த மூலிகைத் தோட்டம் இந்த மாணாக்கர்கள் செடிகளை உயிரோடு கண்டு பயிலும் பொருட்டே உண்டாயிற்று. அது இன்றும் இருக்கிறது. கையும் கருத்தும் ஒரே கூரையின் கீழ்ப் பயின்ற அந்த முறையில் எத்தனையோ குறைகள் இருந்தன என்றாலும், படிப்பு வேறு, பணி வேறு என்ற பிரிவினை மட்டும் அதில் இல்லை.

அந்தப் பிரிவினை வந்த விதம் விசித்திரமானது. அபோதிக்கரிகள் மெல்ல மெல்ல வைத்தியர்களாகவே மாறிவிட்டார்கள். நோயாளியைப் பார்த்து மருந்து சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 1704-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1815-ஆம் ஆண்டுச் சட்டமோ அவர்களுக்கு ஐந்தாண்டுப் பயிற்சியையும் பரீட்சையையும் விதித்து, வைத்தியத் தொழிலுக்குள்ளேயே அவர்களை நிலைநிறுத்திவிட்டது. எட்மண்டன் என்னும் ஊரில் ஒரு ரண வைத்தியரிடம் தொழில் பழகி, லண்டன் கய்ஸ் ஆஸ்பத்திரியிலும் பயின்று, 1816-இல் அந்தப் பரீட்சையில் தேறியவர்தான் பின்னாளில் கவியாகப் புகழ் பெற்ற ஜான் கீட்ஸ். அபோதிக்கரிகள் இவ்வாறு கடையை விட்டு நோயாளியின் படுக்கையருகே சென்றபின், காலியான கடைப்பலகைக்குப் பின்னால் வேறொரு கூட்டத்தார் வந்து நின்றார்கள். அவர்களுக்கு எந்தப் பரீட்சையும் இல்லை. மருந்து விற்க விரும்பியவன் எவனும் விற்கலாம். இந்த நிலைமை கண்டு கவலையுற்ற ஜேக்கப் பெல் முதலிய சில மருந்து வணிகர்கள் 1841-இல் பார்மஸூட்டிகல் சங்கத்தை நிறுவி, மறு ஆண்டே லண்டன் புளூம்ஸ்பரி சதுக்கத்தில் ஒரு பள்ளியையும் திறந்தார்கள். ஆயினும் சங்கத்தில் சேர்வதும் பள்ளியில் படிப்பதும் அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தன. சேராதவன் கடையையும் எவரும் மூடச் சொல்லவில்லை.

அவ்வாறு மூடச் சொல்லாததற்கு ஒரு நகரம் கொடுத்த விலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

யார்க்‌ஷயர் மாநிலத்தில் கம்பளி ஆலைகள் நிறைந்த பிராட்போர்டு நகரில், 1858-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தின் கடைசியில், ஜோஸப் நீல் என்ற மிட்டாய் வியாபாரி பெப்பர்மின்ட் வில்லைகள் செய்வதற்குச் சரக்குச் சேகரித்தார். சர்க்கரை விலையுயர்ந்த பண்டமாக இருந்த காலம் அது. ஆகையால் மிட்டாய் செய்வோர் சர்க்கரையோடு ‘டாஃப்’ என்று அழைக்கப்பட்ட மலிவான வெண்பொடியைக் கலப்பது சகஜமான வழக்கம். சுண்ணாம்புக்கல்லும் ஜிப்ஸமும் போன்ற தீங்கற்ற பொடி அது. அதை வாங்கி வருமாறு நீல் அனுப்பிய ஆள், சில மைல் தூரத்தில் ஷிப்லியில் இருந்த சார்லஸ் ஹாட்ஜ்ஸன் என்பவரின் மருந்துக் கடைக்குச் சென்றான். ஹாட்ஜ்ஸன் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். கடையில் இருந்தவனோ வில்லியம் காடர்டு என்ற இளம் உதவியாளன். சரக்கு எங்கே இருக்கிறது என்று அவன் முதலாளியைக் கேட்க, மேல்மாடத்து மூலையில் உள்ள பீப்பாயில் இருக்கிறது என்று அவர் படுத்தபடியே சொன்னார். அவன் மாடத்துக்கு ஏறி, நன்கு அடையாளமிடப்படாத ஒரு பீப்பாயிலிருந்து 12 பவுண்டு வெண்பொடியை நிறுத்துக் கொடுத்தனுப்பினான். அந்தப் பொடி வெள்ளைப் பாஷாணம்.

அன்று செய்த வில்லைகளின் தோற்றம் வழக்கத்துக்கு மாறாக இருந்ததைச் செய்தவரே கவனித்தார். செய்தபோதே அவருக்கு உடல்நலம் கெட்டது. ஆனாலும் சந்தை வியாபாரியான வில்லியம் ஹார்டேக்கர், பார்வைக்குச் சரியில்லை என்று விலையைக் குறைத்துப் பேசி, 40 பவுண்டு வில்லைகளை வாங்கிச் சென்று சனிக்கிழமைச் சந்தையில் விற்கத் தொடங்கினார். மறுநாள் குழந்தைகள் இறந்தபோது வாந்திபேதியோ என்றுதான் முதலில் ஐயுற்றார்கள். உண்மை வெளிப்பட்டதும் நகரக் காவலர்கள் தெருத்தெருவாகச் சென்று எச்சரித்தார்கள். இருந்தும் சுமார் 20 பேர் மாண்டார்கள். 200-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். காடர்டு, ஹாட்ஜ்ஸன், நீல் மூவர் மீதும் குற்றம் சாட்டப்பட்டாலும், முடிவில் எவரும் தண்டனை அடையவில்லை. எந்தச் சட்டத்தை அவர்கள் மீறினார்கள் என்று சொல்வது? பாஷாண விற்பனையைக் கட்டுப்படுத்த 1851-இலேயே ஒரு சட்டம் வந்திருந்தது. வாங்குபவன் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்றெல்லாம் விதித்த அச்சட்டம், விற்பவன் என்ன கற்றிருக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

என் மனம் அந்த உதவியாளனிடமே மீண்டும் மீண்டும் செல்கிறது. அவனைக் கொடியவன் என்று எவரும் சொல்லவில்லை. அவன் செய்தது சொன்னதைக் கேட்டு நடந்ததுதான். அவன் தொழில் பழகும் இடத்திலேதான் இருந்தான். ஆனால் வெண்பொடி ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் ரஸாயனத்தை அவனுக்கு எவரும் போதித்திருக்கவில்லை. சந்தேகம் வந்தால் அருகில் வந்து பார்த்துச் சொல்ல ஆசானும் எழுந்து நடமாடும் நிலையில் இல்லை. வெறுமனே கடையில் நிற்பது பயிற்சியாகாது என்பதை அந்தச் சனிக்கிழமை காட்டியது போல வேறெதுவும் காட்டியிருக்க முடியாது.

இந்தத் துயரமும் சேர்ந்து தூண்டிய முயற்சிகளின் விளைவாக 1868-இல் பார்மஸிச் சட்டம் பிறந்தது. விஷப் பொருள்களை விற்கவும் ‘கெமிஸ்டு அண்டு டிரக்கிஸ்டு’ என்று பெயர்ப்பலகை மாட்டவும் புதிதாக விரும்புவோர் பரீட்சையில் தேறிப் பதிவு பெற்றாக வேண்டும் என்று அது விதித்தது. ஆனால் பள்ளியில் சேர்ந்தே படிக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே பல இளைஞர்கள் சில ஆண்டுகள் கடையில் உழைத்துவிட்டு, பரீட்சைக்குச் சில மாதங்களுக்கு முன்பு ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்து பாடங்களை நெட்டுருப் போட்டுத் தேறினார்கள். கடை ஒரு காலத்தில், படிப்பு ஒரு காலத்தில் என்று இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தன.

நம் நாட்டிலும் இதே பிரச்சினை வேறொரு வடிவத்தில் எழுந்தது. ஆஸ்பத்திரிகளிலும் டிஸ்பென்ஸரிகளிலும் சீசாவில் மிக்ஸர் ஊற்றிக் கொடுத்த கம்பவுண்டரை நம் பாட்டன்மார் ‘அரை டாக்டர்’ என்றே மதித்தார்கள். 1948-ஆம் ஆண்டு இந்திய பார்மஸிச் சட்டம் முதல் பதிவேட்டைத் தயாரித்தபோது, பட்டமும் டிப்ளமோவும் பெற்றவர்களோடு, மருந்து கலக்கும் பணியில் குறைந்தது ஐந்தாண்டு ஈடுபட்டிருந்தவர்களுக்கும் இடம் தந்தது. அநுபவத்தை அவ்வாறு கௌரவித்தது நியாயமே என்பது என் அபிப்பிராயம். டிப்ளமோப் படிப்புக்குப் பின்னர் ஏற்பட்ட விதிகள், 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியில் பாதியை மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து வழங்கும் பணியிலேயே செலவிட வேண்டும் என்று சொன்னதிலும் அந்த மதிப்பின் சாயலைக் காணலாம்.

இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டு சர்வகலாசாலையின் பக்கமே சாய்ந்தது. 1920-களில் லண்டன் சர்வகலாசாலை பார்மஸியில் பட்டம் வழங்கத் தொடங்கியது. 1960-களின் இறுதியில், பட்டமின்றிப் பதிவில்லை என்றாயிற்று. 1990-களில் அந்தப் பட்டப்படிப்பு நான்காண்டாக நீண்டது. பட்டம் பெற்றபின் ஓராண்டு கடையிலோ ஆஸ்பத்திரியிலோ பயிற்சி பெற வேண்டும் என்பதே பொது விதி. விஞ்ஞானம் வளர்ந்ததற்கு இது இன்றியமையாததுதான். ஆனாலும் பல ஆண்டுகள் புத்தகத்தோடு இருந்தவன் கடைசி ஆண்டில்தான் நோயாளியின் முகத்தைத் தினமும் பார்க்கிறான் என்றால், அப்போது எழும் சந்தேகங்களை எந்த வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போவான்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய இடங்களுள் முன்னணியில் நின்றது அதே பிராட்போர்டு நகரம் என்பதை எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஆலை நகரத்துத் தொழிற்கல்லூரியாக 1882-இல் தோன்றி, 1950-களில் உயர்தொழில்நுட்பக் கல்லூரியாக உயர்ந்து, 1966-இல் சர்வகலாசாலைச் சாஸனம் பெற்ற நிலையம் அது. அந்நாளைய தொழில்நுட்பக் கல்லூரிகள், படிப்பின் நடுவே தொழிற்சாலைப் பணியைச் செருகிய ‘சாண்ட்விச்’ முறையைத் தங்கள் மூலதனமாகவே கருதின. பிராட்போர்டு அதைப் பார்மஸிக்கும் பொருத்தியது. ஐந்தாண்டுப் படிப்புக்குள் ஆறு மாதம் வீதம் இரு தவணை பணியிடப் பயிற்சி அடங்கியிருந்தது. நடுவில் ஒரு தவணை முடித்த மாணவன் மீண்டும் வகுப்புக்கு வருகிறான். வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே உட்கொள்ள வேண்டிய மெதோட்ரெக்ஸேட் மாத்திரையைத் தினமும் விழுங்கினால் மரணமும் நேரலாம் என்ற பாடத்தை முன்பு அவன் ஒரு வரியாகப் படித்திருப்பான். கடைப்பலகையில் நின்று, கண் மங்கிய ஒரு முதியவருக்கு அதை இரண்டு முறை எடுத்துச் சொல்லிவிட்டு வந்தவன், அதே வரியை வேறு சிரத்தையோடு படிக்கிறான். இரண்டாம் தவணை முடிந்து பட்டமும் பெறும்போது பதிவுக்குரிய பயிற்சியாண்டும் நிறைவேறியிருக்கும்.

ஒரு நகரத்தின் தனி ஏற்பாடாக நின்ற இக்கருத்து இன்று நாடு முழுவதற்கும் உரியதாகிவிட்டது. 2010 முதல் தொழிலை ஒழுங்குபடுத்தி வரும் ஜெனரல் பார்மஸூட்டிகல் கவுன்ஸில் 2021-இல் வெளியிட்ட விதிகள், நான்காண்டுப் படிப்பையும் ஓராண்டுப் பயிற்சியையும் ஒரே தொடர்ச்சியாகக் கொண்டு, ஐந்தாண்டுகளிலும் நோயாளிகளோடு பழக்கம் இருக்க வேண்டும் என்று வகுத்தன. 2026 முதல் புதிதாகத் தேறும் பார்மஸிஸ்டுகள் தாமே மருந்து எழுதிக் கொடுக்கும் அதிகாரத்தையும் பெறுவார்கள். அதன் பொருட்டு 90 மணி நேரம் அநுபவம் மிக்க ஒருவரின் நேரடி மேற்பார்வையில் பயில வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை நான் மிகவும் போற்றுகிறேன். ஆனால் அத்தனை மாணவர்களுக்கும் அருகிலிருந்து கற்பிக்க ஆசான்கள் வேண்டும்; நெரிசல் மிகுந்த கடையிலும் வார்டிலும் அவர்களுக்கு அதற்கான நேரம் ஒதுக்கித் தரப்பட வேண்டும். மணிக் கணக்கை விதிகளில் எழுதியவர்கள் அந்த நேரத்துக்கும் வழி செய்ய வேண்டியிருக்கிறது.