நியம்கிரி காத்த பன்னிரு சபைகள்

மலையைத் தெய்வமெனப் போற்றும் மரபு நமக்குப் புதிதன்று. ஒடிசா மாநிலத்து நியம்கிரி மலையை அங்கு வாழும் டொங்கிரியா கொந்தர் நியமராஜாவின் இருப்பிடமாக வணங்குகின்றனர். அம்மலையில் ஊறும் நீரே பள்ளத்தாக்குகளிலுள்ள அவர்தம் ஊர்களுக்கு உயிர்.

அலுமினியத்துக்கு வேண்டிய பொக்சைற்றுக்காக மலையுச்சியைத் தோண்ட வேதாந்தா நிறுவனம் முனைந்தபோது, ஊர்கள் ஒன்றுகூடி எதிர்த்தன. அகழ்வு தமது வழிபாட்டுரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராமசபைகளே ஆராய்ந்து தீர்மானிக்க வேண்டுமென 2013 ஏப்ரல் 18இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே நீதித்துறை மேற்பார்வையில் 12 கிராமசபைகள் கூடின. பன்னிரண்டும் அகழ்வை மறுத்தன. 2014 சனவரியில் மத்திய அரசும் அனுமதி மறுத்தது.

வாலிபர்காள்! ஊர்க்கூட்டம் வெறும் சடங்கென எண்ணிப் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறோம். ஒரு மலையைக் காத்ததும் ஊர்க்கூட்டமே என்பதை உணர்வோமாக.